காதில் விழாத பகுதி

இந்த அறையின் மின்விசிறி முனகுகிறது. உங்களுக்குக் கேட்கவில்லை என்பது தெரிகிறது. பல வருடமாக இதன் கீழேயே உட்கார்ந்திருப்பீர்கள், காது பழகிப்போயிருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும், ஆனால் யாரும் விடப்போவதில்லை. நான் பேசுவதைப் பதிவு செய்வதானால் விசிறியை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. அந்தச் சின்ன மைக்கை மேசைமேல் படுக்கப் போடாதீர்கள். பிறகு போட்டுக் கேட்டால் நீங்கள் பேனாவைத் தட்டும் சத்தம்தான் பெரிதாக இருக்கும்.

இப்போது சரி.

இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். இசைத்தட்டு வெளியிடும் எங்கள் நிறுவனத்தில் நான் தலைமை ஒலிப்பதிவாளர், அவர் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். ஆகவே பொறாமை, வஞ்சம் என்றெல்லாம் எழுதிக்கொள்ள அவசரப்பட வேண்டாம். நடந்தது ஒரு தொழில் விஷயம்.

முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு மூத்த பாடகரின் மொத்தப் பாட்டையும் ஒரே தட்டில் போட்டு விற்க வேண்டும். சாதாரண முறையில் ஒரு தட்டில் பத்துப் பன்னிரண்டு பாட்டுக்குமேல் பிடிக்காது. எல்லாம் அடங்க வேண்டுமென்றால் பாட்டை அழுத்த வேண்டும். அழுத்துவது என்றதும் துணியை மடித்துப் பெட்டியில் வைப்பதாக நினைத்துக்கொள்வீர்கள், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மடித்த துணியைத் திரும்ப விரிக்கலாம். இதை விரிக்க முடியாது. மனிதக் காதில் எது விழாது என்று கணினி கணக்குப் போட்டு, அதை வெட்டி எறிந்துவிடும். மத்தளம் ஓங்கி விழும்போது பக்கத்தில் ஒலிக்கும் சிறு மணி யாருக்கும் கேட்பதில்லை. கேட்காதது எதற்கு இடத்தை அடைக்க வேண்டும்? பாட்டில் பெரும்பகுதி இப்படிப் போய்விடும், வாங்கியவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான். மனிதர்களை இவ்வளவு சரியாக எடை போட்ட கண்டுபிடிப்பு வேறு இல்லை என்பது என் எண்ணம்.

எங்கள்முன் இரண்டு வழி இருந்தது. ஒன்று, திறந்த வடிவம். எந்தக் கருவியிலும் பாடும், யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். இன்னொன்று, பூட்டு போட்ட வடிவம். தட்டை முதலில் எந்தக் கணினியில் போடுகிறார்களோ அதில் மட்டும்தான் பாடும், நகல் எடுத்தால் ஊமையாகிவிடும். நான் பூட்டு வேண்டும் என்றேன். நம் ஜனங்களை நான் அறிவேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் படிக்கும் பேப்பரை எட்டிப் பார்த்தே உலகச் செய்தி தெரிந்துகொள்கிறவர்கள். அவர்களிடம் ஒரு தட்டைத் திறந்து கொடுத்தால் தெருவுக்கே சோறு போட்டுவிடுவார்கள்.

மாப்பிள்ளை எதிர்த்துப் பேசினார். அதுவும் முதலாளியின் அறையில், எல்லோர் முன்னாலும்.

"காசு குடுத்து வாங்குறவனை எதுக்கு சார் பூட்டணும்? திருடுறவன் எப்படியும் திருடுவான். பூட்டு நல்லவன் கையைத்தான் நசுக்கும்."

"இவர் சொல்றதும் நியாயமாத்தான் படுது," என்றார் முதலாளி.

முதலாளி எடுப்பார் கைப்பிள்ளை. கடைசியாக யார் பேசினாரோ அவர் பேச்சுதான் அவருக்கு நியாயம். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் நடந்ததைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு அழுத்தலாம் என்று முடிவு செய்ய ஒரு கேட்பு வைத்தேன். முதலாளி, பாடகர், விற்பனை மேலாளர், கணக்கர், மாப்பிள்ளை எல்லோரும் ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரே பாட்டை மூன்று முறை போடுகிறேன், முதலாவது அழுத்தாதது, அடுத்தது பாதி அழுத்தியது, மூன்றாவது முழுக்க அழுத்தியது, எது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன். போட்டேன். விற்பனை மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு, முதலாவதில் உயிர் இருக்கிறது என்றார். கணக்கர் மூன்றாவதில் தகரம் தட்டுகிறது என்றார். தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்த பாடகர், இரண்டாவதில்தான் தன் இளமை தெரிகிறது என்றார். முதலாளி மூவருக்கும் தலையாட்டினார்.

மூன்று முறையும் நான் போட்டது ஒரே கோப்பு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கற்பூரமே வைக்காமல் வெறும் தட்டை நீட்டினாலும் ஆகா என்று முகர்கிற கழுதைகளை நான் அன்று பார்த்தேன். அது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அப்போது மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மூணும் ஒண்ணுதானே மச்சான்?"

சொல்லிவிட்டு அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முதலாளி சிரித்தார், மற்றவர்களும் அசடு வழியச் சிரித்தார்கள். முதலாளி அவர் தோளில் தட்டி, "காதுன்னா இது காது. வடிவத்தை நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். நானும் சிரித்தேன். அந்தக் கட்டடத்தில் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்று அதுவரை நினைத்திருந்தேன். இன்னொருவர் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்து, அடையாளத்தைப் பற்றிச் சொல்கிறேன். வெளியிடுவதற்கு முன் பார்வைக்காகச் சிலருக்கு மட்டும் பிரதி கொடுப்போம். ஒவ்வொருவர் பிரதியிலும் காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய ஒலியை நான் கலந்துவிடுவேன். அதைக் கணினியில் ஓட்டினால் இது பாடகருக்குக் கொடுத்தது, இது மேலாளருக்குக் கொடுத்தது என்று காட்டிவிடும். வெளியே கசிந்தால் யாரிடமிருந்து கசிந்தது என்று பிடிக்கலாம். நான் உண்டாக்கிய முறை அது. முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்.

அதில் ஒரு சிறு குறை உண்டு. அடையாளம் காதுக்கு எட்டாத பகுதியில் இருக்கிறது. பாட்டை அழுத்தும்போது முதலில் எறியப்படுவதும் அதே பகுதிதான். ஆகவே யாராவது பிரதியை அழுத்தி வெளியே விட்டால் அடையாளம் துடைத்தாற்போல் போய்விடும். இது எனக்கு முன்பே தெரியும். சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஆனால் கேட்கத் தோன்றும் அளவுக்கு யாருக்கும் மூளை இல்லை.

தட்டு வெளிவருவதற்கு முன் அதன் பாட்டுகள் இணையத்தில் கசிந்தன. அவற்றைக் காதும் காதும் வைத்தாற்போல் வெளியே விட்டது நான்தான். ஜனங்கள் திருடர்கள் என்பது உறுதி, ஆனால் அவர்கள் திருடுவதற்குள் முதலாளி திறந்த வடிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். நடக்கப்போவதை நான் கொஞ்சம் முன்னால் நடத்திக் காட்டினேன், அவ்வளவுதான். வெளியே விட்டது அழுத்திய கோப்பு என்பதால் அதில் யார் அடையாளமும் இல்லை. அப்படியே விட்டிருந்தால் உங்கள் முறையால் என்ன பிரயோசனம் என்று முதலாளி என்னைக் கேட்டிருப்பார். எனவே அழுத்தி முடித்த பிறகு, அதன்மேல் ஓர் அடையாளத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தேன். யாராவது ஒருவருடையதை வைத்தாக வேண்டும். மாப்பிள்ளையுடையதை வைத்தேன்.

முதலாளி அறையில் கணினி அவர் பெயரைக் காட்டியது. மாப்பிள்ளை பதறவில்லை.

"மடியில கனம் இருந்தாத்தானே சார் வழியில பயம்? நான் எடுக்கல." பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

"கணினி பொய் சொல்லாது மாப்பிள்ளை" என்றேன். அது உண்மைதான். கணினி பொய் சொல்லவில்லை.

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். இந்தத் தொழில் உள்ளங்கை அளவு, செய்தி பரவ ஒரு சாயங்காலம் போதும். வேறு எந்த ஸ்டுடியோவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கணினி பழுதுபார்க்கும் ஒரு கடையில் போய் உட்கார்ந்தார். என் தங்கை நல்லது கெட்டதுக்குக்கூட வெளியே போவதை நிறுத்திவிட்டாள். நான் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். அவள் எனக்குக் காபி கொடுத்து, "அவருக்கு அந்தப் புத்தி கிடையாதுண்ணா" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

தட்டு நான் சொன்னபடி பூட்டோடு வந்தது. அதன்பின் தொலைபேசி ஓயவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் கத்தினார்கள். கணினி கெட்டுப்போய்ப் புதிது வாங்கிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பாட்டெல்லாம் எங்கே போயிற்று என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அழாக்குறையாகக் கேட்டாராம். தட்டு உங்களுடையது, பாட்டு எங்களுடையது என்று சொல்லச் சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்காது. செவிடன் காதில் ஊதிய சங்கு.

சில மாதம் கழித்து மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். குரலில் உற்சாகம்.

"மச்சான், என்கிட்ட இருந்த பார்வைப் பிரதியை வீட்டுல நானே அழுத்திப் பார்த்தேன். அடையாளம் சுத்தமா போயிடுது. அப்போ வெளியில வந்த கோப்புல மட்டும் எப்படி இருந்துச்சு? யாரோ அழுத்தின பிறகு வச்சிருக்காங்க. உங்க முறையை வச்சே உங்களை ஏமாத்திட்டாங்க மச்சான். நீங்க சொன்னா முதலாளி கேப்பாரு."

அழுத்திய பிறகு அடையாளம் வைக்கத் தெரிந்த ஆள் ஒருவன்தான் இருக்கிறான். அது அவருக்குத் தோன்றவேயில்லை. காது மட்டும் இருந்து என்ன செய்ய. நாளை கழித்து மறுநாள் விடுமுறை, ஸ்டுடியோவில் யாரும் இருக்க மாட்டார்கள், வாருங்கள், முதலாளிக்குக் காட்டுவதற்கு ஒரு சோதனைப் பதிவு செய்துவிடலாம் என்றேன். நாமே புதிதாக ஒரு குரலைப் பதிந்து, அடையாளம் வைத்து, அழுத்திக் காட்டலாம். சோதனைக்குப் புதுக் குரல் தேவையே இல்லை, இருக்கிற எந்தப் பாட்டும் போதும். அதையும் அவர் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. மைக் அறைக்குள் போகிறவர் யாராக இருந்தாலும் கைக்கடிகாரம், சாவி, சில்லறை எல்லாவற்றையும் வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நல்ல மைக், சட்டைப்பையில் எது உரசினாலும் பிடித்துக்கொள்ளும். மாப்பிள்ளைக்குப் பழகிய வழக்கம், சொல்லாமலே வைத்தார். சாவிக்கொத்து, கொஞ்சம் சில்லறை, இன்ஹேலர். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. பெயின்ட், பசை, தூசி எதுவும் ஆகாது. தங்கை கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வெள்ளையடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

"என்ன மச்சான், பசை வாடை தூக்குது?"

"புது விரிப்பு ஒட்டியிருக்கு. ரெண்டு நிமிஷ வேலைதானே மாப்பிள்ளை."

உள்ளே போனார். கதவை மூடினேன். அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி கடகடவென்று ஆடும், பதிவில் விழும். அதனால் கழற்றி வைத்திருந்தது. வெளியே இருப்பவர் திறந்தால்தான் உண்டு. யார் கழற்றியது என்று கேட்கிறீர்கள். நான்தான், அன்று காலையில். விரிப்பையும் அன்று காலையில்தான் ஒட்டினேன். பசை கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

எதையாவது பேசுங்கள் என்றேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு பேசினார். என் பொண்டாட்டி என்னை நம்புறா, அது போதும்னுதான் இருந்தேன், ஆனா அவ வெளியில தலைகாட்ட மாட்டேங்குறா, அவ தலை நிமிர்ந்து நடக்கணும், அதுக்குத்தான் இந்தப் பதிவு என்று. நல்ல குரல். சத்தம் போதவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன். "சரி மச்சான், இன்னொரு தடவை சொல்றேன்" என்றார். இரண்டாவது முறை இன்னும் நன்றாக வந்தது, மைக்கோடு நெருங்கி, மெதுவாக. மூன்றாவது முறையும் சொல்லச் சொன்னேன். அதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

அதன்பின் நடந்ததற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். அந்த அறை ஒலி புகாத அறை. வெளியிலிருந்து பார்த்தால் மிக்ஸரில் ஒலியளவு காட்டும் முள் ஆடுவது மட்டும்தான் தெரியும். முள் ஆடியது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியும் இன்ஹேலரும் வைத்த தட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முள் அடங்கிய பிறகு கைப்பிடியைத் திரும்ப மாட்டினேன், இன்ஹேலரை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்தேன், ஆம்புலன்ஸை அழைத்தேன். நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு, டீ போடப் போயிட்டு வரதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு என்று எல்லோரிடமும் சொன்னேன். டாக்டர் நம்பினார், முதலாளி நம்பினார். மாலையோடு வந்த முதலாளி, என்ன இருந்தாலும் நல்ல காது என்றார். திருட்டுப் பட்டத்தோடு போனவரைப் பற்றி அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தங்கை ஒன்றுதான் கேட்டாள். "அவர் கடைசியா பேசினது ஏதாவது இருக்காண்ணா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கேதான் என் தொழில்புத்தி குறுக்கே வந்தது. அந்த இரண்டாவது பதிவு அவ்வளவு நன்றாக வந்திருந்தது, வீணாக்க மனம் வரவில்லை. அதை வெட்டி எடுத்தேன். தொடக்கத்தில் வரும் "சரி மச்சான், இன்னொரு தடவை சொல்றேன்" என்பதையும் விட்டுவைத்தேன். இல்லாவிட்டால் பேச்சு மொட்டையாக ஆரம்பிக்கும். சொற்களுக்கு அடியில் இழுப்பு லேசாகத் தொடங்கியிருந்தது. அதன்மேல் ஒரு வயலினை ஓடவிட்டேன். வயலின் மேலே இருந்தால் அடியில் இருக்கும் மூச்சு காதுக்கு எட்டாத பகுதியாகிவிடும், அழுத்தும்போது கணினியே எறிந்துவிடும். எறிந்துவிட்டதா என்று நான் கேட்டுப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை. பூட்டும் போட்டு, அவள் கணினியில் மட்டும் பாடும்படி கொடுத்தேன்.

அவள் யார்? பாட்டுக்கும் பேச்சுக்கும் வித்தியாசம் தெரியாதவள். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அடுத்த அறையில் பாத்திரம் துலக்குகிறவள். மறுநாள் காலையில் அழைத்தாள்.

"அண்ணா, அந்த வயலினை எடுத்துட்டு ஒரு தடவை போட்டுக் காட்டு."

"எதுக்கும்மா?"

"அவருக்கு அப்பவே இழுக்க ஆரம்பிச்சிருக்கு. எத்தனை வருஷம் அந்த மூச்சுப் பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? நீ டீ போடப் போனப்போ நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தார்னு சொன்னே. இதுல அவர் உன்கிட்டதான் 'சரி மச்சான்'னு சொல்றார். நீ அங்கதான் இருந்திருக்கே. அவருக்கு மூச்சு வாங்குறப்போ நீ இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கே."

அவள் கத்தவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். தட்டு இங்கே பாடாததால் அவள் கணினியையே தூக்கிவர வேண்டியிருந்தது என்று உங்கள் காவலர் அலுத்துக்கொண்டார். பூட்டு நன்றாக வேலை செய்கிறது. அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

இனி எழுதிக்கொள்ளலாம். பாட்டைக் கசியவிட்டது நான். பழியை அவர்மேல் போட்டது நான். கதவை மூடியதும் நான், திறக்காமல் இருந்ததும் நான். ஆனால் அவர் கூப்பிடக் கூப்பிடக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று உங்கள் தாளில் ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். ஹெட்ஃபோன் மேசைமேல் இருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்காக மனிதன் வருத்தப்பட முடியாது, நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

முழுப் பதிவும் என் கணினியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். அழுத்தாத மூலத்தையே எடுங்கள். அழுத்தியதில் அவர் "மச்சான்" என்று இரண்டு முறை கூப்பிடுவதுதான் இருக்கும். மூன்றாவது முறை கூப்பிட்டது அதில் விழவில்லை. எந்த அளவில் அழுத்தினாலும் அது போய்விடுகிறது. எல்லா அளவிலும் போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.